குளத்தில் விழுந்த காது மெஷின்

மல்லாவிச் சந்தைக்குப் பின்னால், உரக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஓர் அறை. வாசலில் காது கேளாதவர்களுக்கான ஒரு சங்கத்தின் பெயர் நீட்டுக்கு எழுதிக் கிடக்கும். அதை ஒருவரும் முழுக்க வாசித்ததாகத் தெரியவில்லை. துணுக்காயிலிருந்து மாங்குளம் வரைக்கும் அது ‘ராஜினி அக்கான்ர அறை’தான். காது கேளாதவர்களின் மெஷின்கள் பழுதானால் அங்கேதான் கொண்டு வருவார்கள். வருகிறவர்களுக்கு முதலில் ஏச்சு விழும். அதற்குப் பிறகுதான் திருத்தம்.

சும்மா சொல்லக்கூடாது, ஏசுவதற்குக் காரணமும் இருந்தது. மெஷினை நனைத்துப்போட்டு அடுப்புக் கரையில் காய வைப்பார்கள். அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு, பிறகு சோற்றுக்குள் தேடுவார்கள். பற்றரியில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளை உரிக்காமலே உள்ளே போட்டுவிட்டு, “பிள்ளை, புதுசு போட்டும் கேக்குதில்லை” என்று அழுவார்கள். கோயிலுக்குப் போனால் இன்னும் மோசம். பூசை முடிந்ததும் காதில் பூச்செருகிப் பழகிய கை சும்மா இருக்குமா? மெஷின் இருக்கிற காதிலேயே சந்தனமும் பூவுமாகச் செருகிக்கொண்டு வந்து நிற்கும் கூட்டம். சந்தனம் காய்ந்து இடுக்கில் பிடித்துவிட்டால் ஊசியால்தான் கிண்டவேண்டும்.

“ஐயா, சாமிக்குக் காது நல்லாக் கேக்கும். உங்களுக்குத்தான் கேக்காது. பூவை மற்றக் காதில வையுங்கோ,” என்பாள் ராஜினி.

காதின் பின்னால் இருப்பது மெஷின். காதுக் குழிக்குள் இறங்குவது அச்சு. களி மாதிரி ஒன்றைக் காதுக்குள் விட்டு, இறுகியதும் வெளியே எடுத்து, அந்த அளவுக்கு வார்த்து அராவுவது. ஒருவருடைய அச்சு இன்னொருவருக்குப் பொருந்தாது. ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கும் பொருந்தாது. மெஷினை இரவல் கொடுக்கலாம், அச்சைக் கொடுக்க முடியாது. ராஜினிக்கு ஆளின் முகம் மறந்தாலும் அச்சு மறக்காது.

இன்னொரு பிடிவாதமும் அவளிடம் இருந்தது. திருத்திய மெஷினை ஒருநாளும் கையில் கொடுத்து அனுப்பமாட்டாள். காதில் மாட்டி, ஆளை மற்றப் பக்கம் பார்க்க இருத்தி, பின்னால் நின்று ஒரு வசனம் சொல்லுவாள். உதட்டைப் பார்த்து ஊகிக்கக் கூடாது என்பதற்காகத்தான் பின்னால் நிற்பது.

“நெல்லு விலை ஏறிட்டுது. திருப்பிச் சொல்லுங்கோ.”

“நெல்லு விலை ஏறிட்டுது.”

“அது உங்கட ஆசை, ஏறேல்லை. மெஷின் நல்லாயிருக்கு, கொண்டு போங்கோ.”

இந்த வேலையை அவள் படித்தது புருஷன் ஜனார்த்தனனுக்காக. கடைசிச் சண்டையில் ஷெல் பக்கத்தில் விழுந்து அவனுடைய இடது காது அடியோடு போயிற்று. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் காதின் குழி விளிம்பையும் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு போயிருந்தது. சனத்துக்குள் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. அவளுடைய இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. கை வழுவினால் ஆள் போனது போனதுதான் என்று அவளுக்குத் தெரியும். சேலையில் ஒரு கரையைக் கிழித்து, அவன் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கி முடிந்து, வட்டுவாகல் பாலம் தாண்டும் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த முடிச்சின் தழும்பு கனகாலம் அவள் கையில் இருந்தது.

முகாமில் யாரோ கொடுத்த மெஷின் அவனுடைய கிழிந்த காதில் இருக்காமல் கீச்சென்று கூவியது. அவன் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூலையில் குந்தியிருந்தான். ‘என்ர மனிசனுக்கு என்ர குரல் கேக்கவேணும்’ என்று ராஜினி ஒற்றைக்காலில் நின்றாள். சங்கம் பயிற்சி கொடுக்கிறதென்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தாள். படித்து முடித்ததும் சங்கத்தில் நல்ல மெஷின் ஒன்று கேட்டு வாங்கி, அதற்கு அச்சைத் தானே வார்த்தாள். கிழிந்த இடம் நோகாமல் இருக்க, அச்சின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம் அராவினாள். வலது காது அச்சுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கவேண்டும். அன்றைக்கென்று சிவப்பு மை முடிந்து போயிருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்த மகள் பிரஷாந்தினி தன்னுடைய ரோஸ் நிறக் கியூடெக்ஸை எடுத்து அதில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

“அப்பான்ர காதுக்கும் நகம் பூசியாச்சு,” என்று சிரித்தாள் சின்னவள்.

அச்சை மாட்டி, பின்னால் நின்று, “நான் ராஜினி கதைக்கிறன். திருப்பிச் சொல்லுங்கோ,” என்றாள். அவன் சொன்னான். சொல்லிவிட்டுக் குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதான். அவளும் அழுதாள்.

அதிலிருந்து அவன் வீட்டில் நிற்கிற ஒவ்வொரு பின்னேரமும் அதே சடங்குதான். மெஷினைக் கழற்றுவாள், துடைப்பாள், அச்சைக் கழுவுவாள், குழாய்க்குள் நிற்கிற தண்ணீரை ஊதி எடுப்பாள், திரும்ப மாட்டுவாள். “தேத்தண்ணிக்குச் சீனி போட்டாச்சு, திருப்பிச் சொல்லுங்கோ.” “தேத்தண்ணிக்குச் சீனி போட்டாச்சு.” அவனுக்கு அது பழகிப்போய், யோசிக்க முன்னமே வாய் சொல்லிவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சொல்லும், தூக்கக் கலக்கத்திலும் சொல்லும்.

ஜனார்த்தனனுக்கு நெல் அறுக்கிற வெட்டு மெஷின் ஓட்டுகிற வேலை. காலபோக நெல் விளைந்தால் நெடுங்கேணி, கனகராயன்குளம், புளியங்குளம் என்று ஊர் ஊராகப் போய் வெட்டுவான். நாட்கணக்கில் அங்கேயே நிற்பான். அவன் திரும்பி வந்ததும் காது மெஷினைப் பார்த்தே போன இடத்துப் புதினம் எல்லாம் சொல்லுவாள் ராஜினி. அவளுக்கு அது ஒரு விளையாட்டு. தூசி கூடவா, காய்ந்த வயல். ஈரமா, மழைக்குள் நின்றிருக்கிறார். சந்தனமா, எந்தக் கோயில் திருவிழா? ஒருதரம் நாள் முழுக்க வெட்டினேன் என்று வந்து நின்றான். மெஷினில் ஒரு தூசி இல்லை.

“இஞ்சருங்கோ, நெல்லுத் தூசியும் இல்லை, வேர்வையும் இல்லை. எந்த ஃபானுக்குக் கீழ படுத்திருந்தனீங்கள்?” என்று பகிடிக்குத்தான் கேட்டாள்.

அவன் முகம் ஒருமாதிரிப் போனது. பிறகு சிரித்தான். “பெல்ட் அறுந்து போச்சப்பா. கொட்டிலுக்க படுத்திட்டன்,” என்றான். அவளும் சிரித்துவிட்டு அச்சைக் கழுவினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

அடுத்த மாதம் மெஷின் குளத்தில் விழுந்தது. தலை ஈரத்தோடு வந்து படலையடியில் நின்றான். “குளிக்கேக்க கழட்ட மறந்துபோனன் ராஜினி. குளத்துக்க விழுந்து போட்டுது.” ஏசு ஏசென்று ஏசினாள். பிறகு ஒன்றும் கேளாமல் மலங்க மலங்க விழித்த அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே அழுகை வந்துவிட்டது. வவுனிக்குளத்துக்குப் பெடியளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுழியோட வைத்தாள். கிடைத்தால் நூறு தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தாள். கிடைக்கவில்லை. கடைசியில் சங்கத்தின் தலைமை அலுவலகத்து யோகநாதன் சேரிடம் போய் நின்றாள். தனக்கென்று ஒன்றும் கேட்டறியாதவள் அன்றைக்குக் கெஞ்சி இன்னொரு மெஷின் வாங்கினாள். திரும்பவும் காதுக்குள் களி விட்டு, திரும்பவும் பள்ளம் அராவி, இரண்டாவது அச்சு. முதலாவது போல இது வரவில்லை என்று அவளுக்கு மனதுக்குள் ஒரு குறை.

“இது காணுமப்பா. இதுவே வடிவாக் கேக்குது,” என்றான் அவன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, இந்த மாசி மாதம் அமராவதி அறைக்குள் வரும் வரைக்கும்.

முப்பத்தைந்து வயது சொல்லலாம். பஸ்ஸில் கசங்கிய சேலை, வேர்வையில் கரைந்த குங்குமம், முகம் நிறையச் சிரிப்பு. கைலேஞ்சியில் சுற்றிய சின்னப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தாள்.

“அக்கா, நான் புளியங்குளத்தில இருந்து வாறன். வவுனியாவில ஒரு கடையில காட்டினனான். புதுசு வாங்குங்கோ எண்டிட்டினம். பஸ்ஸில ஒரு அம்மா சொன்னா, மல்லாவியில ஒரு அக்கா இருக்கிறா, செத்த மெஷினையும் எழுப்பிப் போடுவா எண்டு.”

“எழுப்புவன். முதல் ஏசுவன். அதையும் சொன்னவவோ?”

“சொன்னவ,” என்று வாயைப் பொத்திச் சிரித்தாள் அமராவதி.

பெட்டியைத் திறந்ததும் கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணம் வந்தது. ராஜினிக்கு உடனே ஏறிவிட்டது. “எண்ணெய் ஆர் பூசினது? இதென்ன தலையோ?”

“நான்தானக்கா. காதுக்க இறங்கேக்க நோகுதெண்டவர். வழுக்கிக்கொண்டு போகட்டுமெண்டு ஒவ்வொரு நாளும் ஒரு துளி…”

“ஒரு துளி, ஒரு துளியெண்டு குழாய் முழுக்க எண்ணெய். எப்பிடிக் கேக்கும்?” சொல்லிக்கொண்டே அச்சைக் கழற்றி மேசை விளக்கின் கீழ் பிடித்தாள். பிடித்த கையின் பெருவிரல் நகம் தானாகவே அச்சின் விளிம்பில் ஒரு பள்ளத்துக்குள் போய் இருந்தது. எத்தனையோ பின்னேரம் போய் இருந்த அதே இடம். அச்சைத் திருப்பினாள். எண்ணெய்க்குள்ளால் ஒரு ரோஸ் பொட்டு தெரிந்தது.

அவள் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். பாவி மனம்! குளத்தில் போனது கிடைத்துவிட்டது, யாருடைய வலையிலோ ஏறியிருக்கிறது, பிள்ளையாரே, நூறு தேங்காய்! அப்படித்தான் நினைத்தாள்.

“பிள்ளை, இதை எங்க கண்டெடுத்தனீங்கள்?”

“கண்டெடுக்கிறதோ? என்னக்கா நீங்கள், இது எங்கட இவற்ர.”

“எவற்ர?”

“என்ர மனிசன்ர.” அமராவதிக்கு வெட்கம் வந்தது. “கட்டி ரெண்டு வருசமாகப் போகுது. இன்னும் சொல்லேக்க கூச்சமா இருக்கு.”

ராஜினி அச்சைக் கீழே வைக்கவில்லை. “அச்சு அவருக்கு அளவோ?”

“அச்சொட்டா இருக்கும். இவற்ர காதில ஒரு வெட்டுக்காயம் இருக்கு. அதுக்குள்ள அப்பிடியே போய் இருக்கும். ஆர் செய்ததோ தெரியாது, நல்ல கைகாரர் ஆரோ செய்திருக்கினம்.”

அறைக்குள் ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது. தையல் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ராஜினிக்கு இரண்டும் கேட்டன. அதற்கு மேல் தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. எழும்பிப்போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தாள். கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்தது. மஞ்சளாகி விறைத்த குழாயை வெட்டி எடுத்தாள். அச்சைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டாள். பற்றரி இருக்கிற இடத்தில் பச்சையாகப் பூத்திருந்ததைச் சுரண்டினாள். அச்சின் இடுக்கில் காய்ந்திருந்த சந்தனத்தை ஊசியால் கிண்டினாள். கம்பி நெரிக்கிற குறடைக் கையில் எடுத்தபோது மட்டும் ஒரு கணம் நின்றாள். ஒரு நெரி நெரித்தால் தூள். ஆனால் நெரித்தால் யார் தப்புவது? அவன்தான். குளத்தில் ஒருதரம் காணாமல் போனது, இன்னொருதரமும் காணாமல் போய்விடும். குறடைக் கீழே வைத்துவிட்டுப் புதுக் குழாயை ஏற்றினாள்.

மெஷின் உயிர்த்தது. சோதிக்கிற குழாயைத் தன் காதில் வைத்துக் கேட்டாள். நல்ல சுத்தமான சத்தம்.

“இதை ஆள் இல்லாமல் குடுக்கமாட்டன், பிள்ளை. காதில போட்டு டெஸ்ட் பண்ணவேணும். நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அமராவதியின் முகம் விழுந்தது. “ஐயோ அக்கா, அவர் வரமாட்டார். மல்லாவிப் பக்கமே காலடி வைக்கமாட்டார். முந்தின வாழ்க்கை ஞாபகம் வரும், மனம் தாங்காதெண்டு சொல்லுவார். இதைத் திருத்தக் குடுக்கவும் விடேல்லை, பேந்து பாப்பம் பேந்து பாப்பம் எண்டுதான். துணி எடுக்கப் போறன் எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தனான். திடீரெண்டு காதில போட்டுவிட்டு அவற்ர முகத்தைப் பாக்கவேணும் எண்டு ஒரு ஆசை.”

“இப்ப எங்க நிக்கிறார்?”

“வீட்டதான். வெட்டு மெஷின் பெல்ட் அறுந்து நெடுங்கேணியில நிக்குது. நாலைஞ்சு நாளா வீட்டதான்.”

நெடுங்கேணியில் இரவு பகலாக வெட்டுகிறேன், வர நேரமில்லை என்று முந்தாநாள் ராஜினியின் போனுக்கு எழுதி அனுப்பியிருந்தான்.

“அப்ப நானே வாறன்,” என்றாள் ராஜினி.

“அக்கா! உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்?”

“கரைச்சல் ஒண்டுமில்லை. என்ர வேலை.”

அறையைப் பூட்டிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். மாங்குளத்தில் இறங்கி வவுனியா பஸ்ஸில் மாறி ஏறியபோது அமராவதி ஓடிப்போய் யன்னல் சீற் பிடித்து ராஜினியை இருத்தினாள். சூடான கச்சான் கடலை வாங்கி அவள் கையில் வைத்தாள். அவளை வெறுக்க ஒரு சின்னக் காரணமாவது கிடைக்காதா என்று ராஜினி வழி நெடுகத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே பெரிய எரிச்சலாக இருந்தது.

“எனக்கும் முதல் மனிசன் சண்டையில போயிட்டார் அக்கா. இடியப்பம் அவிச்சுச் சந்திக் கடைக்குக் குடுத்துத்தான் சீவியம். வெட்டு மெஷின் ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்கேக்க இவரோட பழக்கம். பாவம், என்னை விட அவருக்குத்தான் பெரிய இழப்பு.”

“என்ன இழப்பு?”

“மனிசியும் பிள்ளையும் முள்ளிவாய்க்காலில செத்தது. சனத்துக்க கை வழுவிப் போச்சாம். அந்த மனுசி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கும், இவருக்குக் காது கேக்கேல்லை. திரும்பிப் பாக்கேக்க ஒருத்தரும் இல்லையாம். சொல்லிச் சொல்லி அழுவார் அக்கா. நானும் சேந்து அழுதிருக்கிறன்.”

ராஜினி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழுவியதாம். எது வழுவியது? பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு அது. அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் முகாமில் ஒரு நேர்ஸ்பிள்ளை கத்தரிக்கோலால் வெட்டியது. வேறு ஒருத்தியோடு போனாலும் போகட்டும், உலகத்தில் நடக்காததா? ஆனால் அந்தப் பாலத்தை எப்படியடா மாற்றிச் சொன்னாய்? என்னை அந்தச் சனத்துக்குள் விட்டுவிட்டு நீ மட்டும் வந்ததாக எப்படியடா சொல்ல வாய் வந்தது?

“பிள்ளையுமோ?” என்று கேட்டாள்.

“பிள்ளையும்தானக்கா. மூண்டு வயசாம். பேர் கேட்டாலும் சொல்லமாட்டார். சொன்னால் நெஞ்சடைக்குமாம்.”

பிரஷாந்தினி வவுனியாவில் விடுதியில் நின்று உயர்தரம் படிக்கிறாள். காலையில்கூடப் போன் எடுத்து, “அப்பாட்டச் சொல்லுங்கோம்மா, சோதினைக்கு முதல்நாள் அவர் வந்து நிக்கவேணும்,” என்றவள். இந்த பஸ்ஸிலேயே இறங்காமல் இருந்தால் நேரே மகளிடம் போய்விடலாம். போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழலாம். தன்னைச் சாகடித்ததை எப்படியாவது செமித்திருப்பாள் ராஜினி. பெற்ற பிள்ளையை, காது அச்சுக்குக் கியூடெக்ஸ் பூசிய பிள்ளையை, அந்தப் பொட்டைக் காதில் வைத்துக்கொண்டே சாகடித்திருக்கிறான். அதுதான் நெஞ்சுக்குள் இறங்க மறுத்தது.

அமராவதி கச்சான் கோதை மடியில் சேர்த்துக்கொண்டு கதைத்துக்கொண்டே வந்தாள். “வேலைக்கெண்டு வேறொரு மெஷினும் வைச்சிருக்கிறார். அது வெட்டு மெஷின்ர ஸ்பனர், குறடு போடுற ஆயுதப் பெட்டிக்குள்ளயே கிடக்கும். வீட்டுக்குக் கொண்டு வரவேமாட்டார். தூசி பிடிச்சது உனக்கு ஏனெண்டுவார்.”

அப்படியா சங்கதி! ராஜினிக்கு இப்போது எல்லாம் வெளித்தது. எந்த ஃபானுக்குக் கீழே படுத்திருந்தீர்கள் என்று பகிடி விட்டாளே, அந்தப் பகிடியில்தான் அவன் பாடம் படித்திருக்கிறான். அவள் மெஷினை வாசிப்பாள் என்று தெரிந்து, அவள் வாசிப்பதற்கென்று ஒன்று, புளியங்குளத்தில் போடுவதற்கென்று ஒன்று. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவள் ஊதி எடுத்த தூசி, பாவம் என்ன வெயிலுக்குள் நின்றாரோ என்று உருகிய தூசி, எல்லாம் பெட்டிக்குள் கிடந்த மெஷினில் படிந்த தூசி. அவளுடைய கைத்தொழிலை வைத்தே அவளுக்குத் தண்ணி காட்டியிருக்கிறான்.

“நீங்கள் ஊசியால கிண்டி எடுத்தனீங்களே அக்கா, அந்தச் சந்தனம்,” என்றாள் அமராவதி, இறங்குகிற இடம் நெருங்கியபோது. “அது எங்கட சந்திக் கோயில்ல தாலி கட்டின நாள் பட்டது. பூவை அந்தக் காதிலயே செருகிப் போட்டார்.”

ராஜினியின் நகத்துக்குள் அது இன்னும் கொஞ்சம் இருந்தது.

புளியங்குளத்தில் இறங்கி, காட்டுப் பக்கம் போகிற ஒழுங்கையில் நடந்தார்கள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. முற்றம் கூட்டிச் சுத்தமாக இருந்தது. படலை கிரீச்சிட்டது. உள்ளே யாரும் திரும்பவில்லை.

பின்பக்கம், குசினிக்கு வெளியே, திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தான் ஜனார்த்தனன். படலைக்கு முதுகு காட்டியபடி இருந்தான். மல்லாவியில் ஒருநாளும் திருவலையைத் தொட்டறியாத மனுசன். தேங்காய்ப்பூ தட்டில் வெள்ளை வெளேரென்று குவிந்திருந்தது. ராஜினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அமராவதி வாயில் விரலை வைத்துச் சிரித்தாள். அவன் முகம் தெரிகிற மாதிரிச் சுற்றிப் போய்க் குசினி வாசலில் நிற்கப்போகிறேன் என்று சைகை காட்டினாள். ராஜினி தலையாட்டினாள். அமராவதி குசினிக்குள்ளால் போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதும், ராஜினி பின்னால் போனாள்.

அந்தக் காது. கிழிந்து ஆறிய அந்த விளிம்பு. அச்சைத் தண்ணீரில் நனைத்துக் காதில் வைத்தாள். அவன் நிமிரவில்லை. எதிரே நிற்கிற அமராவதியையும் பார்க்கவில்லை. கை பட்டதும் வழக்கம்போல தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொடுத்தான், வீட்டில் அவளுக்குச் சாய்த்துக் கொடுக்கிற அதே சாய்ப்பு. எந்தக் கையென்று அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அது ராஜினியைச் சுட்டது. அச்சு பள்ளத்தோடு போய் அச்சொட்டாக இருந்தது. பற்றரிக் கதவை அடைத்தாள்.

“அட, கேக்குது!” என்றான். தேங்காய்ப் பாதியைப் பிடித்தபடி சிரித்தான். “எங்க குடுத்துத் திருத்தினனீ?”

ராஜினி பின்னால் நின்று, எல்லாருக்கும் சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்.

“ராஜினி உயிரோட இருக்கிறா. திருப்பிச் சொல்லுங்கோ.”

“ராஜினி உயிரோட இருக்கிறா,” என்றான் ஜனார்த்தனன்.

வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் காதுக்கு விளங்கியது. தேங்காய்ப் பாதி கையை விட்டு உருண்டு போய் அமராவதியின் காலடியில் நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இருந்தால்தானே.

அமராவதியின் சிரிப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை. “ராஜினி ஆர்?” என்று கேட்டாள்.

“நான்தான் பிள்ளை,” என்றாள் ராஜினி. “முள்ளிவாய்க்காலில செத்த மனிசி. கை வழுவேல்லை. சேலைக் கரையைக் கிழிச்சு முடிஞ்சு, இவரைப் பாலத்தால இழுத்துக்கொண்டு வந்தனான். அந்த அச்சையும் நான்தான் வார்த்தனான்.”

அமராவதி அவனைப் பார்த்தாள். ராஜினியைப் பார்த்தாள். அவனுடைய காதைப் பார்த்தாள். தன் கையைப் பிடித்திழுத்துச் சண்டைக்கு வருவாள் என்றுதான் ராஜினி நினைத்தாள். அவள் வாயிலிருந்து வந்தது ஒரு சொல்தான்.

“பிள்ளை?”

“வவுனியாவில படிக்கிறாள். காலமை அப்பாவை விசாரிச்சவள்.”

அமராவதி நிலையைப் பிடித்தபடியே மெல்லக் குந்தினாள். செத்த பிள்ளைக்காக எத்தனை நாள் அழுதாளோ அவளுக்குத்தான் தெரியும். அந்த அழுகையையும் அவன் களவெடுத்திருக்கிறான்.

“ராஜினி, நான் சொல்லுறதைக் கேளும்…” என்று தொடங்கினான் அவன், நிலத்தைப் பார்த்தபடி.

“உங்கட கதை வேண்டாம். நான் சொல்லுறதைச் சொல்லுங்கோ,” என்றாள் ராஜினி. இவ்வளவு நேரமும் நடுங்காத குரல் இப்போதுதான் நடுங்கியது. “பிரஷாந்தினி உயிரோட இருக்கிறா. திருப்பிச் சொல்லுங்கோ.”

அவன் சொல்லவில்லை. தோள் குலுங்கியது. எத்தனையோ வருஷமாகத் தானாகச் சொன்ன வாய் இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது.

“திருப்பிச் சொல்லுங்கோ.”

காற்றில் தேங்காய்ப்பூ உலர்ந்துகொண்டிருந்தது. அமராவதி எழும்பினாள். சேலையைச் செருகிக்கொண்டு வந்து அவன் முகத்துக்கு நேரே குந்தினாள். நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள். காது கேளாதவருக்குச் சொல்லுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, உரத்துச் சொன்னாள்.

“பிரஷாந்தினி உயிரோட இருக்கிறா. சொல்லுங்கோ.”

அவன் கை மெல்ல உயர்ந்தது. காதடிக்குப் போய், மெஷினைப் பிடுங்க விரல் வளைந்தது. ராஜினி பின்னாலிருந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வழுவவில்லை.

“கையை எடுங்கோ,” என்றாள். “டெஸ்ட் இன்னும் முடியேல்லை.”